ஏழாம் நம்பர் மலையில் குடியிருப்பவர்கள்

உச்சி அறக்கட்டளைக்கு மலைகள் பிடிக்கும். கொழும்பில் இருந்த அதன் அலுவலகத்தில் எல்லாச் சுவர்களிலும் மலைகள் தொங்கின. ஆண்டுக்கு ஒருமுறை அது ஒரு மலைப் பிரதேசத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே வாழ்பவர்களுக்கு மலை ஏறுவது பற்றியும் இயற்கையைக் காப்பது பற்றியும் எடுக்கப்பட்ட படங்களை இலவசமாகக் காட்டும். இந்த ஆண்டு பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம் தேர்வாகியிருந்தது. ஐந்து தலைமுறையாக மலையிலேயே கிடப்பவர்களுக்கு மலையைப் பற்றி யாரும் இதுவரை எதுவும் சொல்லவில்லை என்பது அறக்கட்டளையின் தலைவி பிரேமினிக்கு வருத்தமாக இருந்தது.

அதே நாட்களில் மூக்கனுக்கு வேறொரு வருத்தம் இருந்தது. அவன் அந்தத் தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆள். அவன் மனைவி நாகலெட்சுமி கொழுந்தெடுப்பவள். போன வருடம் அவளைக் குளவி கொட்டியது. தோட்டத்தில் குளவி கொட்டாதவர்கள் குறைவு. ஆனால் நாகலெட்சுமிக்கு முகம் வீங்கி, மூச்சு நின்று, நுவரெலியா ஆஸ்பத்திரியில்தான் திரும்பி வந்தது. அங்கே இருந்த டாக்டர், இன்னொரு தடவை கொட்டினால் இந்த உடம்பு தாங்காது என்று மூக்கனிடம் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார். மூக்கன் அதைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சொன்னான். அவளை யாரும் கொட்டு வாங்கச் சொல்லவில்லையே என்றார் துரை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்தில் இருந்த ஆயா ஓய்வு பெறப் போகிறாள் என்று தெரிந்ததும், அந்த வேலையை நாகலெட்சுமிக்குத் தந்தால் அவள் மலைக்குப் போக வேண்டியிருக்காது என்று மூக்கன் கேட்டான். யோசிக்கலாம் என்றார் துரை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் ஆண்டியப்பனையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டான். இருவரிடமும் யோசிக்கலாம் என்றார். துரை யோசிப்பதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஆண்டியப்பன் திரும்பி வரும் வழியில் சொன்னார்.

அப்போதுதான் அறக்கட்டளையின் ஜீப் வந்தது.

படங்களைத் திறந்த வானத்தின் கீழேதான் காட்டுவார்கள். அது அவர்களுடைய கொள்கை. தோட்டத்தில் சமமான இடம் ஒன்றுதான் இருந்தது, விளையாட்டு மைதானம். அதன் ஓரத்தில் ஒரு வாகை மரம். அந்த மரத்தில் ஒரு குளவிக்கூடு, அரை மூட்டைப் பருமனில். கூடு இருப்பதால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பந்து அங்கே போனால் பந்து போனதுதான்.

கொழும்பிலிருந்து வரும் விருந்தினர்களுக்கான நாற்காலிகளைப் போட அறக்கட்டளையின் இணைப்பாளர் துஷாந்த் அடையாளமிட்ட இடம் வாகை மரத்தின் நேர் கீழே இருந்தது. கூட்டைக் கண்டதும் அவர் ஜீப்புக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிரேமினியுடன் தொலைபேசியில் பேசினார். மாலையில் பந்தம் கொளுத்திப் பிடித்தால் வேலை முடிந்தது என்று கண்டாக்கு, அதாவது வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னார். அது மறுபக்கத்தில் இருந்த பிரேமினிக்குக் கேட்டுவிட்டது. குளவிகள் நம்முடைய விருந்தினர்கள் அல்ல, நாம்தான் அவற்றின் விருந்தினர்கள் என்றாராம். துஷாந்த் அதை எல்லோருக்கும் சொன்னார்.

விருந்தினர்கள் கொட்டு வாங்குவதையும் அறக்கட்டளை விரும்பவில்லை. ஆகவே கூடு கொல்லப்படாமல், புண்படாமல், இடம் மாற்றப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அறக்கட்டளையின் விதிப்படி, மாற்றப்படும் உயிர்கள் மனிதக் குடியிருப்பு இல்லாத இயற்கைச் சூழலில் விடப்பட வேண்டும். அப்படி ஓர் இடம் தோட்டத்தில் உண்டா என்று துஷாந்த் கேட்டார்.

கண்டாக்கு யோசித்து, ஏழாம் நம்பர் மலை என்றார். தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் மலைதான், நம்பரும் உண்டு. ஏழாம் நம்பரில் ஆட்கள் குடியிருக்கும் லயம் இல்லை, கோயில் இல்லை, ஒரு கொட்டகைகூட இல்லை.

மூக்கன் அங்கே நின்றது தற்செயல். துரை பங்களாவிலிருந்து வெளியே வந்தால் பார்க்கலாம் என்று நின்றிருந்தான்.

"அங்கிட்டு பொம்பளைங்க கொழுந்தெடுக்கிறாங்களேங்க ஐயா," என்றான்.

துஷாந்த் கரிசனையோடு திரும்பினார். எதையும் விசாரிக்காமல் செய்பவர் அல்லர். "அவர்கள் அங்கே உறங்குகிறார்களா?"

"இல்லீங்க."

"சமைக்கிறார்களா?"

"பகலைக்கு ரொட்டி கொண்டாந்து திம்பாங்க."

"அது குடியிருப்பில் சேராது," என்றார் துஷாந்த். பிறகு மூக்கனின் தோளில் கை வைத்து, உங்களைப் போன்ற விழிப்புணர்வு உள்ள ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், கூட்டை நீங்களே கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். துரையிடம் உங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

மூக்கன் அந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும்தான் கேட்டான்.

இடமாற்றத்துக்கு முந்தின நாள் பயிற்சி நடந்தது. குளவியின் மனநிலை பற்றித் துஷாந்த் விளக்கினார். கூட்டைத் தொடுமுன் அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எந்த மொழியிலும் கேட்கலாம், மனதார இருந்தால் போதும் என்றார். குளவி கொட்டாத வெள்ளை உடுப்பு ஒன்று கொண்டு வந்திருந்தார்கள். ஒன்றுதான் இருந்தது. காட்சியைப் படம் எடுப்பவர் அசையாமல் நிற்க வேண்டியவர் என்பதால் அதைத் துஷாந்த் போட்டுக்கொண்டார். மூக்கனுக்கு மலையேறுபவர்கள் போடும் ஒரு சிவப்புத் தலைக்கவசமும், 'தன்னார்வலர்' என்று எழுதிய ஒரு பட்டியும் கொடுத்தார்கள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் மூக்கன் மரத்தில் ஏறினான். ஒலியும் பதிவாவதால் சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டான். கூட்டைச் சாக்கில் பிடித்துக் கட்டும்போது மூன்று குளவிகள் கழுத்தில் கொட்டின. சத்தம் போடவில்லை. சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு, அது முதுகின் மேலேயே உறுமிக்கொண்டிருக்க, ஏழாம் நம்பர் மலைக்கு ஏறி, நடுவில் நின்ற ஒரு நிழல் மரத்தில் கம்பியால் கட்டினான். கீழே ஜீப்பின் விளக்கொளியில் சிலர் கைதட்டினார்கள். பிறகு ஒளி போதவில்லை என்று, வெறும் சாக்கோடு இன்னொருமுறை ஏறச் சொன்னார்கள். அதையும் செய்தான்.

நாகலெட்சுமி அவன் கழுத்துக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

"எங்க கொண்டு போய் வச்சீங்க?"

"ஏழாம் நம்பர்ல."

அவள் விரல் சற்று நின்றது. "ரவுண்டு அடுத்தது ஏழுதானே," என்றாள். கொழுந்து ஒவ்வொரு மலையாகச் சுற்றி எடுக்கப்படும். அந்தச் சுற்றைத்தான் சொன்னாள்.

"அதுக்குள்ள ஒன்னைய மடுவத்துக்கு மாத்திருவாங்க. அந்தத் தம்பி துரைகிட்ட பேசுறேன்னாரு."

அவள் சுண்ணாம்பு டப்பாவை மூடிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். 

படம் காட்டுவது ஞாயிற்றுக்கிழமை மாலை. எல்லோரும் வர வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். வரச் சொல்வதற்குக் கண்டாக்குக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆலைச் சங்கை ஊதச் சொன்னார். சங்கு ஊதினால் பெரட்டு. பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். பிந்தி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏன் சங்கு ஊதுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஏதோ அவசர வேலை என்று பெண்கள் இடுப்பில் படங்கு என்னும் முரட்டுச் சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, தலையில் கூடைக் கயிறோடு ஓடிவந்து மைதானத்தில் வரிசை வரிசையாக நின்றார்கள். ஆண்கள் மண் கிளறும் முள்ளும் மண்வெட்டியும் கொண்டு வந்தார்கள்.

பிரேமினி அதைக் கண்டு கண் கலங்கினார். தங்கள் பாரம்பரிய உடையில், தங்கள் கருவிகளோடு, ஒரு சமூகமே சினிமாவுக்கு வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்த வெளிநாட்டு விருந்தினருக்குச் சொன்னார். கூடையை இறக்கி வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, வேண்டாம், படம் எடுக்கிறோம் என்றார்கள். முதல் படம் முடியும்வரை கூடையோடு நின்றார்கள்.

முதல் படத்தில் ஒரு வெள்ளைக்காரர் செங்குத்தான பாறையில் கயிறில்லாமல் விரல் நுனியால் தொங்கினார். அவருக்கு என்ன வேலை என்று ஆண்டியப்பன் துஷாந்திடம் கேட்டார். அது வேலை இல்லை, விருப்பம் என்றார் துஷாந்த்.  கூட்டத்தில் இருந்த மீனம்மா, வீட்டுல ஏதும் சண்டையா இருக்கும், பாவம், என்றாள். இரண்டாவது படத்தில் ஒரு பெண் தன்னைத் தேடிப் பனிக்குள் தனியாகப் போய்க் கூடாரத்தில் இருந்தாள். ஒரே அறைக்குள் ஏழுபேர் படுக்கிற லயத்துக்காரர்கள் அந்தக் கூடாரத்தை ஆர்வமாகப் பார்த்தார்கள். மூன்றாவது படம், பூச்சிகள் இல்லாவிட்டால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பது பற்றி.

பிறகு பிரேமினி பேசினார்.

"இங்கே நிற்கும் உங்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நாங்கள் மலை ஏறுவதற்கு விடுமுறை எடுக்க வேண்டும், சப்பாத்து வாங்க வேண்டும், வழிகாட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டும். நீங்கள் வெறுங்காலோடு தினமும் ஏறுகிறீர்கள். அதற்கு உங்களுக்குச் சம்பளமும் தருகிறார்கள். அட்டை கடிக்கும்போது நாங்கள் அலறுகிறோம். நீங்கள் அலறுவதில்லை. இந்த எளிமையை இழந்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் நகரத்துக்குப் போக ஆசைப்பட்டால், தயவுசெய்து அவர்களுக்கு இந்தப் படங்களைப் போட்டுக் காட்டுங்கள்."

கண்டாக்கு கைதட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள்.

துரை எழுந்து, கூட்டைக் காப்பாற்றிய மூக்கனை மேடைக்குக் கூப்பிட்டார். துஷாந்த் சொன்னபடி பேசியிருந்தார். மூக்கனின் சேவையைப் பாராட்டி அவனுடைய மனைவிக்குப் பிள்ளை மடுவத்தில் வேலை கொடுக்கப்படுகிறது என்று துரை அறிவித்தார். மூக்கன் கூட்டத்தில் நாகலெட்சுமியைத் தேடினான். அவள் கூடையைப் பிடித்தபடி நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க.

ஏன் அவருக்கு மடுவத்து வேலை என்று பிரேமினி பக்கத்தில் இருந்த துரையிடம் விசாரித்தார். துரை காரணத்தைச் சொன்னார். அதைக் கேட்ட பிரேமினி மறுபடியும் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"ஒரு சகோதரி குளவிக்குப் பயந்து மலையை விட்டே போகிறார் என்று இப்போது அறிந்தேன். கணவர் குளவியைக் காப்பாற்றுகிறார், மனைவி குளவிக்குப் பயப்படுகிறார். எவ்வளவு பெரிய கதை இது. இன்று நாம் பார்த்த மனிதர் பாறையில் தொங்கியபோது பயந்து இறங்கி வந்தாரா? பயத்தை வளர்க்க இந்த மேடை துணைபோகக் கூடாது. நாகலெட்சுமி மலைக்குத் திரும்புவதை நாங்கள் படமாக எடுப்போம். எங்கள் அடுத்த ஆண்டின் முதல் படம் அதுதான்."

துரை கொஞ்சம் யோசித்தார். இம்முறை விரைவாகவே யோசித்தார். அறக்கட்டளை தரவிருந்த பசுமைச் சான்றிதழ் இருந்தால் தேயிலைப் பெட்டியில் ஓர் இலைப் படம் போடலாம், வெளிநாட்டில் அதற்கு விலை வேறு. மடுவத்து வேலை படப்பிடிப்பு முடிந்த பிறகு என்று திருத்தி அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

மூக்கன் மேடையிலேயே நின்றான். "அவளுக்கு ஆகாதுங்க அம்மா. டாக்டர் சொல்லியிருக்காருங்க," என்றான். பிரேமினி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். டாக்டர்கள் உடம்பைத்தான் பார்க்கிறார்கள் என்றார்.

லயத்துக்குத் திரும்பும் பாதையில் நாகலெட்சுமிதான் முதலில் பேசினாள்.

"ஒரு நாளுதானேங்க. படம் புடிச்சு முடிச்சா மடுவந்தானே."

"சொகமில்லன்னு படுத்துக்க, லெச்சுமி."

"படுத்தா மடுவத்த மீனம்மாவுக்குக் குடுத்துருவாங்க. அவளும் கேட்டுக்கிட்டுதானே இருக்கா."

அது உண்மை.  அவர்களுக்குப் பின்னால் மகள் சர்மிளா டோர்ச் அடித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ரவுண்டு ஏழாம் நம்பருக்கு வந்தது. நாகலெட்சுமிக்கு அன்றைக்கு மட்டும் புதுப் படங்கு கொடுத்தார்கள். நிழல் மரத்துக்குத் தூரமாக இருந்த நிரையில் அவளை நிறுத்தும்படி கண்டாக்கிடம் மூக்கன் கெஞ்சினான். கண்டாக்கு கெட்டவர் அல்லர், தூர நிரையே கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் கூடும் அவளும் ஒரே சட்டத்துக்குள் வரவில்லை என்று துஷாந்த் சொன்னார். பக்கத்தில் நகர்த்தினார்கள். நன்றாக வந்தது. நிழலாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்கள். முகத்தில் பயம் தெரிகிறது, அதுவும் வேண்டும், ஆனால் கடைசியில் அது போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பயம் போகிற காட்சியை நான்கைந்து முறை எடுத்தார்கள். பிறகு மேலேயிருந்து எடுப்பதற்காக, பறக்கும் காமெராவை அனுப்பினார்கள். அது கூட்டுக்கு மிக அருகில் போய் நின்று, பெரிய வண்டைப் போல இரைந்தது.

ஜீப்பின் கண்ணாடிகள் நல்ல வேகத்தில் ஏறின. வெள்ளை உடுப்பில் இருந்த துஷாந்த் மட்டும் வெளியே நின்று படம் எடுத்ததை அறக்கட்டளை பின்னர் பாராட்டியது. பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டுச் சரிவில் உருண்டார்கள். நாகலெட்சுமி ஓடவில்லை. குளவி வந்தால் ஓடக் கூடாது, படங்கை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட வேண்டும் என்று தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவள் அப்படியே செய்தாள். புதுப் படங்கு, மடிப்புக் கலையாமல் விறைப்பாக நின்றது, உடம்போடு ஒட்டவில்லை.

கொழுந்து ஏற்றும் லொறியில், கொழுந்து மூட்டைகளின் மேலே அவளைக் கொண்டு போனார்கள். பூண்டுலோயா வரும்முன் மூக்கனின் மடியில் அவள் கண் திறந்து எதையோ கேட்டாள். லொறிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தான். அவள் திருப்பிச் சொல்லவில்லை.

அறக்கட்டளை ஓர் இரங்கல் அறிக்கை வெளியிட்டது. மனிதருக்கும் இயற்கைக்கும் இடையிலான உறவில் இது ஒரு வேதனையான அத்தியாயம் என்றும், அன்றைய சம்பவத்தில் குளவிகளும் பெரும் அதிர்ச்சிக்கு உள்ளாயின என்றும் அதில் இருந்தது. மடுவத்து வேலை மீனம்மாவுக்குப் போனது. நாகலெட்சுமியின் இடத்துக்குச் சர்மிளாவின் பெயரைப் போட்டார்கள். தாய் எடுத்த நிரையை மகளுக்குக் கொடுப்பது தோட்டத்தில் வழக்கமான மரியாதை.

ஏழாம் நம்பர் மலையில், நிழல் மரத்தின் அடியில், அழகான பலகை ஒன்று நடப்பட்டது. நாகலெட்சுமி நினைவுக் குளவிச் சரணாலயம். மனிதர் நுழையத் தடை. கூட்டைத் தொடுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஆண்டியப்பன் பெரட்டில் இதைப் பற்றிக் கேட்டபோது, கொழுந்து எடுப்பவர்கள் நுழைவது நுழைவதில் சேராது என்று கண்டாக்கு விளக்கினார். துரையிடம் விசாரித்துவிட்டுத்தான் சொன்னார்.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் சர்மிளா அந்தப் பலகையைத் தாண்டிப் போனாள்.

படம் முடிந்து, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் திரையிடப்பட்டபோது மூக்கனை அழைத்திருந்தார்கள். அவன் வருவதாகச் சொன்னது படத்தைப் பார்க்க அல்ல. கூட்டை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் இருக்கிற இடத்தில் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே அதைக் கேட்டால் மரியாதையாக இருக்காது, அவர்கள் குளவியைக் கும்பிடுகிறவர்கள், ஆகவே முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லி, பிறகு கேட்க வேண்டும் என்று ஆண்டியப்பன் சொல்லிக்கொடுத்தார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் மூக்கன் அந்த இரண்டு வாக்கியங்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மண்டபத்தில் இருட்டு. திரையில் நாகலெட்சுமி வந்தாள், அவள் அளவைவிடப் பத்து மடங்கு பெரியவளாக. மூக்கன் தலையைக் குனிந்துகொண்டான். பயம் போகிற காட்சியில் மண்டபத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். படம் முடிந்ததும் நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. அப்படி ஒரு மௌனம் தங்கள் விழாக்களில் இதுவரை கிடைத்ததில்லை என்று பிரேமினி மேடையில் சொன்னார்.

பிறகு மூக்கனை மேலே அழைத்து, ஒலிவாங்கியை அவன் வாயருகே பிடித்து, இந்தக் குளவிகளைப் பற்றி இன்று என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

மூக்கன் கும்பிட்டான்.

"குளவி மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லீங்க," என்றான்.

மண்டபம் எழுந்து நின்றது. முன்வரிசையில் இருந்த வெளிநாட்டு விருந்தினருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் எழுந்து, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். துரை தட்டினார். சிலர் அழுதார்கள். பெரியவர்களுக்குக் குறுக்கே பேசி மூக்கனுக்குப் பழக்கமில்லை. வாயை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, சத்தம் அடங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றான். கைதட்டல் அடங்குவதுபோல் வந்து மறுபடி ஏறியது. கடைசியில் அது நின்றபோது ஒலிவாங்கி துஷாந்தின் கையில் இருந்தது. அவர் விருந்து மண்டபத்துக்குப் போகும் வழியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு சொல்லணுங்க தம்பி," என்றான் மூக்கன்.

துஷாந்த் அவன் முதுகில் மெல்லக் கை வைத்து, மேடைப் படிகளின் பக்கம் திருப்பிவிட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் கெட்டுவிடும், ஐயா, என்றார்.